மேன் பக்கத்தில் இன்னும் காம்பாக் இருக்கிறது

லினக்ஸ் போன்ற யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் திரை, கீபோர்டு, மவுஸைக் கவனித்துக்கொள்ளும் மென்பொருள் எக்ஸ்.ஆர்க் சர்வர். அதன் மேன் பக்கத்தை, அதாவது கையேட்டுப் பக்கத்தை, திறந்தால், முன்னுரைக்கு அடுத்ததாக ‘தளங்கள்’ என்று ஒரு சின்னப் பத்தி வரும். இந்த சர்வர் எந்தெந்த வன்பொருளில், எந்தெந்த இயங்குதளத்தில் ஓடும் என்று சொல்லும் பத்தி. கட்டளைக்கான ஆப்ஷன்களைத் தேடி வருகிறவர்கள் யாரும் அங்கே நிற்பதில்லை. 2021 அக்டோபரில் வெளிவந்த 21.1 பதிப்பின் பக்கத்தில் அது சொல்வது இதுதான்: மிக அதிகமாக ஆதரிக்கப்படும் வன்பொருள் இன்டெல் எக்ஸ்86. அது தவிர காம்பாக் ஆல்ஃபா, இன்டெல் ஐஏ64, ஏஎம்டி64, ஸ்பார்க், பவர்பிசி. இயங்குதளங்களில் லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, நெட்பிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி, சோலாரிஸ். யுனிக்ஸ்வேர் போன்ற வணிக யுனிக்ஸ்களும் உண்டு. குனு ஹர்டும் உண்டு. மேக்குக்கு எக்ஸ்குவார்ட்ஸ், விண்டோஸில் சிக்வினுக்கு எக்ஸ்வின் என்று தனித்தனி சர்வர்கள். அவ்வளவுதான், பத்தி முடிந்தது.

அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவர் ஃப்ரீபிஎஸ்டி போட்ட ஒரு பழைய டெஸ்க்டாப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். திரை வந்துவிட்டது. ஆனால் மேல் அம்புக்குறியை அழுத்தினால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தது. “முதலில் டாக்குமென்ட்டைப் படி” என்று எல்லா மூத்தவர்களையும் போல நானும் சொல்லிவைத்திருந்தேன். சொன்னபடி மேலிருந்து வரி விடாமல் படித்துக்கொண்டு வந்தவர், நாற்காலியைத் திருப்பி, “அண்ணா, காம்பாக்னா லேப்டாப் கம்பெனிதானே? அவங்க எப்ப ஆல்ஃபா பண்ணாங்க?” என்று கேட்டார். சொன்னேன். “யுனிக்ஸ்வேர்னா?” அதையும் சொன்னேன். “சரி, ராஸ்பெர்ரி பை எங்கண்ணா? ஏஆர்எம்னு ஒரு வார்த்தையே காணோமே?”

காணோம்தான். 2012இல் ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினிப் பலகை வந்ததிலிருந்து எத்தனை வீடுகளில், எத்தனை பள்ளிக்கூடங்களில் ஏஆர்எம் சில்லின் மேல் இதே எக்ஸ் சர்வர் ஓடியிருக்கும்! அந்தப் பலகைக்கான இயங்குதளம் 2023இல் எக்ஸுக்கு மாற்றாக வந்த வேலண்டுக்கு நகரத் தொடங்கும்வரை அதன் திரை முழுக்க இதன் பொறுப்பில்தான் இருந்தது. அந்தப் பதினோரு வருடத்தில் ஒருவர்கூட மேன் பக்கத்தில் அந்தப் பெயரைச் சேர்க்கவில்லை. நம் வீட்டு ரேஷன் கார்டு மாதிரிதான். தாத்தா போய்ச் சேர்ந்து பல வருடமாகியும் கார்டில் இருப்பார், கட்டிக்கொடுத்த அத்தை இருப்பார், பள்ளிக்கூடம் போகும் பையன் பெயர் மட்டும் இருக்காது. அப்படி இருந்தும் மாதாமாதம் அரிசி வந்துகொண்டுதான் இருக்கும், அதனால் யாரும் தாலுகா ஆபீஸ் பக்கம் போவதில்லை.

அன்று மாலையே அந்தப் பத்தியைத் திருத்தி ஒரு பேட்ச் (திருத்த ஃபைல்) அனுப்பிவிடலாம் என்று இருவரும் உட்கார்ந்தோம். நிரலே இல்லை, வெறும் ஆறேழு வரி ஆங்கிலம். என்ன பெரிய வேலை என்று தோன்றியது. அது பல வாரங்களாக என்னைப் பிடித்துக்கொண்டதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

கம்பெனிப் பெயரை வைத்துக் காலம் கணிப்பது

பழைய டாக்குமென்ட்டைப் படிப்பதில் ஒரு தனி சுகம் உண்டு. ஆல்ஃபா சில்லை 1992இல் கொண்டுவந்தது டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன். அந்தக் கம்பெனியை 1998இல் காம்பாக் வாங்கியது, காம்பாக்கை 2002இல் எச்பி வாங்கியது. ஆல்ஃபா எந்திரங்களின் விற்பனையை எச்பி 2007இல் நிறுத்திக்கொண்டது. ஆக ‘காம்பாக் ஆல்ஃபா’ என்று ஒருவர் இயல்பாக எழுதக்கூடிய காலம் நான்கைந்து வருடம்தான். ஆனால் பக்கத்திலேயே இருக்கும் ஏஎம்டி64, ஆப்டெரான் சில்லாகச் சந்தைக்கு வந்தது 2003இல். யாரோ ஒருவர் பிற்பாடு அந்த வாக்கியத்துக்குள் கைவைத்து ஏஎம்டி64ஐச் செருகியிருக்க வேண்டும். இரண்டு வார்த்தை தள்ளியிருந்த காம்பாக்கை அவர் தொடவில்லை. அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. தன்னிடம் இருந்த எந்திரத்தைச் சேர்த்தார், தன்னிடம் இல்லாத எந்திரத்தைப் பற்றிப் பேசாமல் இருந்துவிட்டார்.

ஐஏ64 என்பது ஐடேனியம். இன்டெல் கடைசி ஐடேனியம் சில்லுகளை 2021இல் அனுப்பி முடித்தது. லினக்ஸின் உட்கருவான கெர்னலின் 6.7 பதிப்பில், அதாவது 2024 ஜனவரியில், அதற்கான நிரலையே எடுத்துவிட்டார்கள். ஆனால் இவற்றையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப் பட்டது பத்தியின் முதல் வாக்கியம். 32 பிட் எக்ஸ்86தான் மிக அதிகமாக ஆதரிக்கப்படுவது என்கிறது. ஃப்ரீபிஎஸ்டி தன் 13ஆம் பதிப்பில், 2021இலேயே, அதை ஆதரவில் இரண்டாம் அடுக்குக்கு இறக்கிவிட்டது. 15ஆம் பதிப்பில் அதற்குத் தனி வெளியீடே கிடையாது. 2025இல் வந்த டெபியன் 13இல் 32 பிட் எக்ஸ்86க்கு இன்ஸ்டாலர் இல்லை. காம்பாக் என்ற பெயரைப் பார்த்து நமக்குச் சிரிப்பு வருகிறது. இந்த முதல் வாக்கியத்தைப் பார்த்து வருவதில்லை, ஏனென்றால் அது நம்பும்படியாக இருக்கிறது. அதுதான் மோசம்.

சரி, தம்பியின் முதல் யோசனை எளிமையானது. “செத்ததைத் தூக்கிடலாம், இருக்கறதைச் சேத்துடலாம். ஆல்ஃபா அவுட், ஐடேனியம் அவுட், யுனிக்ஸ்வேர் அவுட். ஏஆர்எம் இன், ரிஸ்க் ஃபைவ் இன்.” கிரிக்கெட் டீம் செலக்‌ஷன் மாதிரி சொன்னார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆனால் ஒரு பெயரைத் தூக்குவதற்கு முன்னால் அதற்கான நிரல் மரத்தில், அதாவது மூலநிரல் தொகுப்பில், இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும் இல்லையா. பார்த்தோம்.

ஆல்ஃபாவும் யுனிக்ஸ்வேரும்

எக்ஸ் சர்வரில் இயங்குதளங்களோடு நேரடியாகப் பேசும் பகுதி ஒரே டைரக்டரிக்குள் அடங்கியிருக்கிறது. பெயரே ‘ஓஎஸ் சப்போர்ட்’. அதற்குள் லினக்ஸுக்கு ஒன்று, பிஎஸ்டி குடும்பத்துக்கு ஒன்று, சோலாரிஸுக்கு ஒன்று, ஹர்டுக்கு ஒன்று, அப்புறம் எதுவுமே இல்லாத தளத்துக்கு ‘ஸ்டப்’ என்று வெறும் கூடு ஒன்று. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய அதே வேலைகள்: கன்சோலைத் திறப்பது, கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்2 அழுத்தினால் வேறு டெர்மினலுக்கு விட்டுக்கொடுப்பது, திரும்பி வருவது, வீடியோ நினைவகத்தைத் தன் பக்கம் மேப் செய்துகொள்வது. ‘பீப்’ என்று ஒலி எழுப்பக்கூட ஒவ்வொரு தளத்துக்கும் தனி ஃபைல் இருக்கிறது. அந்த ‘பீப்’ பல எந்திரங்களில் இப்போது கேட்பதே இல்லை என்பது வேறு கதை.

பிஎஸ்டி டைரக்டரிக்குள் போனால் ஆல்ஃபாவின் வீடியோ நினைவகத்துக்கென்று ஒரு ஃபைல் இருந்தது. 21.1இலும் இருக்கிறது. யாருக்காக என்று தேடிக்கொண்டு போனால் ஓபன்பிஎஸ்டி வாசலில் போய் நின்றோம். ஃப்ரீபிஎஸ்டி தன் 7.0 பதிப்போடு, 2008இல், ஆல்ஃபாவைக் கைவிட்டது. ஓபன்பிஎஸ்டி கைவிடவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் அதன் வெளியீடுகளில் ஆல்ஃபாவும் ஒன்றாக வந்துகொண்டிருக்கிறது. எக்ஸைத் தங்களுக்கு ஏற்ப அவர்கள் வைத்துக்கொண்டிருக்கும் மரத்துக்கு ஸெனோகாரா என்று பெயர். அதில் வெளியீட்டுக் குறிப்புகளுக்கான டைரக்டரியில் ஒவ்வொரு வன்பொருளுக்கும் ஒரு ரீட்மி (விளக்கக் குறிப்பு). ஆல்ஃபாவுக்கும்தான்.

யுனிக்ஸ்வேரின் கதை தலைகீழ். நாவெல், எஸ்சிஓ, கால்டெரா என்று கைமாறிக் கைமாறி, வழக்கு வியாஜ்ஜியமெல்லாம் பார்த்து, திவாலில் மாட்டி, கடைசியில் 2011இல் இன்னொரு கம்பெனியிடம் போன சரக்கு அது. அந்தக் கம்பெனிதான் இப்போது ஸினுவோஸ் என்ற பெயரில் இருக்கிறது. யுனிக்ஸ்வேர் 7ஐக் காசு கொடுத்து வாங்கலாம். செத்துவிட்டது என்று சொல்லவே முடியாது. ஆனால் எக்ஸ் சர்வருக்குள்? யுனிக்ஸ்வேர் சேர்ந்த சிஸ்டம் ஃபைவ் என்ற யுனிக்ஸ் குடும்பத்துக்காக ஒரு காலத்தில் இருந்த டைரக்டரிகள் போய் வருடக்கணக்காகிறது. 21.1 மரத்தை யுனிக்ஸ்வேரில் வைத்துக் கட்டினால் (கம்பைல் செய்தால்) நமக்குக் கிடைப்பது அந்த வெறும் ‘ஸ்டப்’ கூடுதான். பொருள் கடையில் இருக்கிறது, நிரல் மரத்தில் இல்லை. ஆல்ஃபாவோ கடையில் இல்லை, மரத்தில் இருக்கிறது.

இங்கேதான் எனக்கு விஷயம் திரும்பியது. ‘ஆதரிக்கப்படுகிறது’ என்ற ஒரே வினைக்குள் இத்தனை கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. அந்தப் பொருள் உலகத்தில் இருக்கிறதா? அதற்கான நிரல் இருக்கிறதா? அந்த நிரல் கம்பைல் ஆகிறதா? ஆனதை யாராவது ஓட்டுகிறார்களா? ஓட்டி உடைந்தால் கவனிக்க ஆள் இருக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் பதில் தனித்தனி. போதாததற்கு, வன்பொருளுக்கு ஒரு பட்டியல், இயங்குதளத்துக்கு ஒரு பட்டியல் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் படிக்கிறவர் இரண்டையும் பெருக்கிக்கொள்வார். ஆல்ஃபாவில் சோலாரிஸ் எந்தக் காலத்திலும் வந்ததில்லை. பவர்பிசியில் 1996 வாக்கில் ஒரே ஒரு சோலாரிஸ் பதிப்பு எட்டிப்பார்த்துவிட்டுப் போனது. பத்தியை அப்படியே நம்பினால் இரண்டுமே ஓட வேண்டும்.

பெயரும் தேதியும் போட்ட ரீட்மிகள்

இதை எப்படித்தான் எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, இதற்கு முன்னால் எப்படி எழுதினார்கள் என்று பார்க்கத் தோன்றியது. எக்ஸ்.ஆர்க் சர்வர், எக்ஸ்ஃப்ரீ86இன் வாரிசு. எக்ஸ்ஃப்ரீ86 கிளம்பியது 1992இல். 2004 பிப்ரவரியில் அதன் 4.4 பதிப்போடு உரிமத்தை மாற்றப் போய்ப் பெரிய சண்டையாகி, கூட்டமே எக்ஸ்.ஆர்க் பக்கம் நகர்ந்தது. இந்த வரலாறு வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். நான் பார்க்கப் போனது அதன் டாக்குமென்ட் டைரக்டரியை. அங்கே ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனி ரீட்மி இருந்தது: லினக்ஸ், நெட்பிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி, எஸ்சிஓ, லின்க்ஸ்ஓஎஸ், ஓஎஸ்/2. தலைப்புக்குக் கீழே எழுதியவர் பெயர், கடைசியாகத் திருத்திய தேதி.

அந்தப் பெயரையும் தேதியையும் நான் முதலில் வெறும் சம்பிரதாயமாகத்தான் பார்த்தேன். திரும்பப் படிக்கும்போதுதான் உறைத்தது, டாக்குமென்ட்டிலேயே பயனுள்ள இரண்டு தகவல்கள் அவைதான் என்று. ஓபன்பிஎஸ்டி ரீட்மியில் அபர்ச்சர் டிரைவரைப் பற்றி விரிவாகச் சொல்லியிருப்பார்கள். வீடியோ நினைவகத்தை ஒரு சாதாரணப் புரோகிராம் தொடுவதை கெர்னல் தடுக்கும், அந்தத் தடையை எக்ஸுக்கு மட்டும் ஒரு ஜன்னல் அளவு தளர்த்துவதுதான் அந்த டிரைவரின் வேலை. வெகுகாலம் ஓபன்பிஎஸ்டி இன்ஸ்டாலரே, எக்ஸ் ஓட்டுவீர்களா என்று கேட்டு அதற்குத் தகுந்தாற்போல் அந்த அமைப்பை மாற்றிவைக்கும். கிராபிக்ஸ் வேலை கெர்னலுக்குள்ளேயே போனபின் பெரும்பாலான எந்திரங்களில் அதற்கு அவசியமில்லாமல் போனது. ரீட்மியின் தலையில் 2000 வாக்கில் ஒரு தேதி இருந்தால், இது மாறியிருக்கும் என்று படிக்கிறவர் தானே புரிந்துகொள்வார். பழைய டாக்குமென்ட் பழையது என்று சொல்லிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

2005 டிசம்பரில் எக்ஸ்11ஆர்7 வந்தபோது ஒரே பாறையாக இருந்த மூலநிரலை நூற்றுக்கணக்கான சின்னச் சின்னத் தொகுப்புகளாக உடைத்தார்கள். நிரலைக் கட்டும் பழைய கருவியான ஐமேக் (imake) போய் ஆட்டோடூல்ஸ் வந்தது. நல்ல காரியம், யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் அந்த உடைப்பில் டாக்குமென்ட் ஒரு பக்கமும் நிரல் ஒரு பக்கமும் போயின. ஒவ்வொரு தளத்துக்கும் பெயர் போட்ட ஆள் என்ற பழக்கமும் மெல்ல மறைந்தது. மிஞ்சியது மேன் பக்கத்தில் அந்தப் பெயரில்லாத பத்தியும், ஓஎஸ் சப்போர்ட் டைரக்டரியில் வேறு தளத்துக்குப் போர்ட் செய்கிறவர்களுக்காக எழுதிய ஒரு பழைய ரீட்மியும். அந்த ரீட்மி கன்சோல், வீடியோ, டெர்மினல் மாற்றம் என்று ஒரு தளம் எழுதித்தர வேண்டிய ஃபங்ஷன்களைப் பேசுகிறது.

நிரல் இப்படிக் கிடப்பில் கிடக்காததற்குக் காரணம் உண்டு. ஒருவர் ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றினால் கிரெப் போட்டு மரம் முழுக்கத் தேடுவார். ஹர்ட் டைரக்டரியிலும் சோலாரிஸ் டைரக்டரியிலும் அது கண்ணில் படும். வாழ்நாளில் ஹர்டைப் பார்த்திராதவரும் அதைத் திருத்திவிட்டுத்தான் கமிட் செய்வார். அவர் விட்டுவிட்டாலும் அந்தத் தளத்தில் கட்டுகிறவரிடம் கம்பைலர் கத்தும். வாக்கியத்துக்கு அப்படி ஒரு காவல் கிடையாது. ஹால் என்ற ஒரு மென்பொருள் ஞாபகம் இருக்கலாம். கீபோர்டைச் செருகியதும் கண்டுபிடித்துச் சொல்வதற்காக 2007இல் 1.4 பதிப்பில் அதைச் சேர்த்தார்கள். 2010இல் 1.8 பதிப்பில் லினக்ஸுக்கு அதே வேலையைச் செய்யும் யூடெவ் வந்துவிட்டது. அந்த மூன்றே வருடத்துக்குள் எழுதப்பட்ட “ஹால் விதிகளை இப்படி மாற்றுங்கள்” என்ற குறிப்புகள் வலை முழுக்க எத்தனை வருடம் உலவின என்று பழைய உபுண்டு பயனர்களைக் கேட்டால் தெரியும்.

அசல் குறிப்பு இருக்கும் இடம்

தம்பியின் அம்புக்குறிப் பிரச்சினைக்கு வருகிறேன். அதற்கு எக்ஸ் சர்வரின் மரத்தில் எந்த விடையும் இல்லை. விடை இருந்தது ஃப்ரீபிஎஸ்டிக்கான மென்பொருள்களின் தொகுப்பான போர்ட்ஸ் மரத்தில், ‘அப்டேட்டிங்’ என்ற ஒரே நீண்ட ஃபைலில். 2020 தொடக்கத்தில் எக்ஸ் சர்வர் போர்ட்டில் சாதனங்களைக் கண்டுபிடிக்கும் வழியை டெவ்டியிலிருந்து யூடெவுக்கு மாற்றினார்கள். ஃப்ரீபிஎஸ்டியில் யூடெவ் கிடையாது, அதைப் போல நடிக்கும் ஒரு சின்ன லைப்ரரி இருக்கிறது. இதனால் கீபோர்டு வேறு டிரைவர் வழியாக வரத் தொடங்கியது, விசைகளின் எண்கள் மாறின. பழைய கட்டமைப்பு ஃபைல் மிச்சமிருந்தவர்களுக்கு அம்புக்குறி ஸ்க்ரீன்ஷாட் ஆனது. மேலே தேதி, கீழே யாருக்குப் பொருந்தும் என்ற குறிப்பு, அப்புறம் என்ன செய்ய வேண்டும் என்ற விளக்கம். தம்பி பழைய கீபோர்டு அமைப்பை நீக்கினார், சரியானது. கிராபிக்ஸுக்கு எந்த கெர்னல் மாட்யூலை ஏற்ற வேண்டும், பயனரை எந்தக் குழுவில் சேர்க்க வேண்டும் என்பதெல்லாம் ஃப்ரீபிஎஸ்டி கையேட்டில் தெளிவாக இருக்கிறது.

இப்படிப் பார்த்துக்கொண்டே போனால் ஒரு விசித்திரமான படம் கிடைக்கிறது. எக்ஸ் சர்வர் எந்தத் தளத்தில் எப்படி ஓடுகிறது என்பது யாருக்கும் தெரியாமல் இல்லை. அது ஃப்ரீபிஎஸ்டி போர்ட்ஸில் இருக்கிறது, ஸெனோகாராவில் இருக்கிறது, நெட்பிஎஸ்டியின் மரத்தில் இருக்கிறது, டெபியனின் பேக்கேஜ் விதிகளில் இருக்கிறது. அங்கே ஒட்டிவைத்திருக்கும் ஒவ்வொரு பேட்சும், “மூல மரம் சொல்வது எங்கள் தளத்தில் இந்த இடத்தில் பொருந்தாது” என்கிற ஒரு வரிதான். மேன் பக்கத்தில் பிழை இருந்தால் அதையே ஒரு பெரிய பக்காகப் பார்க்கும் பழக்கம் ஓபன்பிஎஸ்டிக்காரர்களுக்கு உண்டு. ஆனால் அவர்கள் திருத்துவது தங்கள் மரத்தில். தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள், பத்தி இங்கே இருக்கிறது. நடுவில் நடக்க யாருக்கும் அவசரமில்லை, ஏனென்றால் அவர்களுடைய பயனர்கள் இந்தப் பத்தியைப் படிப்பதே இல்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு நண்பர் ஒருவர், இதற்குத்தானே தானியங்கிச் சோதனை இருக்கிறது, எது பச்சை காட்டுகிறதோ அதுதான் ஆதரவுப் பட்டியல், முடிந்தது கதை என்றார். பாதி உண்மை. வேலண்ட் லைப்ரரியின் 1.20 பதிப்பு 2021 டிசம்பரில் வந்தபோது, ஃப்ரீபிஎஸ்டிக்கான மாற்றங்கள் முழுக்க உள்ளே வந்துவிட்டன, சோதனை அமைப்பிலும் ஃப்ரீபிஎஸ்டி சேர்ந்துவிட்டது என்று அறிவித்தார்கள். ‘ஆதரிக்கப்படுகிறது’ என்று வெறுமனே சொல்வதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் அது ஒரு நெறிமுறை லைப்ரரி, சாக்கெட்டுகளோடு பேசினால் போதும். எக்ஸ் சர்வரின் சங்கதி வேறு. திரையே இல்லாத எந்திரத்தில் எக்ஸ்விஎஃப்பி என்ற மெய்நிகர் சர்வரை வைத்துத்தான் சோதனைகள் ஓடும். அந்த சர்வர் ஓஎஸ் சப்போர்ட் டைரக்டரியைத் தொடுவதே இல்லை. கன்சோலைத் திறக்க வேண்டியதில்லை, டெர்மினல் மாற வேண்டியதில்லை, கிராபிக்ஸ் அட்டையும் இல்லை. எந்த நிரல் தளத்துக்குத் தளம் வேறுபடுகிறதோ, சரியாக அந்த நிரலை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் பச்சை காட்டும். கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்2 அழுத்தி, திரும்பி வந்து, படம் கலையாமல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு மனிதரும் ஒரு மானிட்டரும் வேண்டும்.

பெயரை எடுப்பதில் இருக்கும் சங்கடம்

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அது எனக்கு இன்னும் முழுசாகத் தீரவில்லை. ஒரு பெயரைப் பட்டியலிலிருந்து எடுப்பது வெறும் எழுத்து வேலை இல்லை. இன்று டாக்குமென்ட்டில் பெயர் போனால், நாளை சுத்தம் செய்ய வருகிறவர் “இந்தத் தளம் ஆதரவிலேயே இல்லையே” என்று அதற்கென்று நிரலில் இருக்கும் இஃப்டெஃப் நிபந்தனைகளை எடுப்பார். அவர் செய்வது நியாயமும்கூட. டெபியனின் கெஃப்ரீபிஎஸ்டி, அதாவது ஃப்ரீபிஎஸ்டி கெர்னலுக்கு மேல் குனு கருவிகளைப் போட்ட அந்தக் கலவை, 2011இல் டெபியன் 6இல் முன்னோட்டமாக வந்தது. 2023இல் முறைப்படி முடித்துவைத்தார்கள். அதற்கான நிபந்தனைகள் எக்ஸ் சர்வரின் ஆட்டோடூல்ஸ் ஃபைலிலும் பிஎஸ்டி நிரலிலும் அங்கங்கே இருந்தன. அவற்றை எடுக்க யாருக்கும் மனக்கஷ்டம் வராது, ஏனென்றால் அந்தத் திட்டத்தை நடத்தியவர்களே முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள். ஹர்டுக்கு அப்படிச் சொல்ல முடியாது. 2025 ஆகஸ்டில்கூட டெபியன் குனு ஹர்டின் புதுப் பதிப்பு, 64 பிட் ஆதரவோடு, வெளிவந்தது. அதன் பின்னால் இருப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மேன் பக்கத்தில் “குனு ஹர்டும் உண்டு” என்ற அந்த ஒட்டுவரி அவர்களுக்கு ஒரு பாதுகாப்பு. அவர்களுடைய டைரக்டரியைத் தொடுகிறவரைக் கொஞ்சம் யோசிக்க வைக்கும்.

அதனால்தான் தூக்கிடலாம், சேத்துடலாம் என்ற கணக்கு எனக்கு உதவவில்லை. ஃப்ரீபிஎஸ்டி இதற்கு வைத்திருக்கும் வழி எனக்குப் பிடித்தது. வன்பொருள் தளங்களை நான்கு அடுக்காகப் பிரித்து, எந்தப் பதிப்பில் எந்தத் தளம் எந்த அடுக்கு என்று அட்டவணையாகப் போடுகிறார்கள். ஒரு தளம் இறங்குவது தெரிகிறது, எந்தப் பதிப்பிலிருந்து என்பதும் தெரிகிறது. நெட்பிஎஸ்டியும் அடுக்கு வைத்துத்தான் பேசுகிறது. ஆனால் அடுக்கு போட அதிகாரம் உள்ள ஒரு குழு வேண்டும். எக்ஸ் சர்வரின் இப்போதைய நிலையில், புது வேலைகள் பெரும்பாலும் வேலண்ட் பக்கம் போய்விட்டபின், 2025இல் எக்ஸ்லிப்ரே என்று ஒரு கிளையும் பிரிந்து போனபின், மூல மரத்தில் யார் உட்கார்ந்து அடுக்கு போடுவார்கள்? பெயர், தேதி, எந்தப் பதிப்பு ஓடியது, அசல் குறிப்பு எந்த மரத்தில் இருக்கிறது. இந்த நான்கையும் ஒரு வரியில் எழுதச் சொன்னால் யாரும் தீர்ப்பு சொல்லத் தேவையில்லை. இரண்டு வருடம் பழைய தேதியைப் பார்த்து என்ன நினைப்பது என்பதைப் படிக்கிறவர் முடிவு செய்துகொள்ளட்டும்.

“அண்ணா, அப்ப யாரும் தேதியை மாத்தலேன்னா?” என்றார் தம்பி. மாற்றாவிட்டால் மாற்றவில்லை என்பது தெரியும், அதுவே தகவல்தானே என்றேன். அவருக்கு முழுத் திருப்தி இல்லை. எல்லா வரியிலும் 2026 என்று நின்றுபோய், 2035இல் இன்னொரு பையன் நாற்காலியைத் திருப்பிக் கேட்பான் என்றார். கேட்கட்டும். நமக்கு காம்பாக்கை வைத்துக் காலம் கணிக்க வேண்டியிருந்தது, அவனுக்கு அந்தச் சிரமம் இருக்காது.

பேட்ச் இப்போது என் கணினியில் ஒரு கிளையாக இருக்கிறது. யுனிக்ஸ்வேர் வரியை எடுத்தாயிற்று, ‘ஸ்டப்’பைத் தவிர வேறெதுவும் இல்லை என்ற காரணத்தைக் கமிட் செய்தியில் எழுதியிருக்கிறேன். ஆல்ஃபா இருக்கிறது. காம்பாக் போய், ஓபன்பிஎஸ்டி, ஸெனோகாரா ரீட்மியைப் பார்க்க என்று சேர்ந்திருக்கிறது. ஏஆர்எம் 32 பிட், 64 பிட் என்று இரண்டு அகலத்திலும் வந்துவிட்டது. முதல் வாக்கியத்தில் 32 பிட்டின் இடத்தை 64 பிட் எடுத்துக்கொண்டது. ஃப்ரீபிஎஸ்டி வரிக்குத் தம்பி தன் பெயரையே போட்டுக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார், அந்தப் பழைய டெஸ்க்டாப்பில் டெர்மினல் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு. ஐடேனியத்தை என்ன செய்வது என்று இன்னும் வாக்குவாதம். கெர்னலே போனபின் லினக்ஸில் அதற்கு இடமில்லை என்கிறார் அவர், பிஎஸ்டி பக்கம் யாராவது வைத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்கிறேன் நான். ஹர்ட் வரியைத் தொடவில்லை. டெபியன் ஹர்டின் வட்டு இமேஜைக் க்யூஇஎம்யூ என்ற மெய்நிகர் எந்திரத்தில் ஏற்றியிருக்கிறேன், கன்சோல்வரை வந்துவிட்டது. எக்ஸைத் தொடங்க ஸ்டார்ட்எக்ஸ் அடித்ததும் மவுஸ் எங்கே என்று கேட்டுக்கொண்டு நிற்கிறது. அதன் குறிப்பு எந்த மரத்தில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் சொன்னால் அந்த வரிக்கு உங்கள் பெயரையே போட்டுவிடலாம்.